மாத்திரையா, ஊசியா? ஒரு ட்ரையலை எப்படிப் படிப்பது

வணக்கம். கோயம்புத்தூர், ஈரோடு பக்கம் ருமட்டாலஜி படித்துக்கொண்டே ஓபி பார்க்கிற இளம் டாக்டர்களுக்கான வீடியோ இது.

சோமனூரில் தறி ஓட்டுகிற ஒரு அம்மா. முடக்குவாதம். மெத்தோட்ரெக்சேட் சாப்பிட்டும் மணிக்கட்டு வீக்கம் வடியவில்லை. "ஊசி போட்டாத்தான் கேக்கும்னு சொல்றாங்க. அதுக்குக் காசு நெறைய ஆகுங்களாமா. மாத்தரையிலயே செரியாப் போகாதுங்களா டாக்டர்?" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. இதையே ஆராய்ந்த ட்ரையல் 2013-ல் வெளியானது. பெயர் ராகட்.

[திரையில்: 353 பேர், இரண்டு குழுக்கள்]

எல்லோரும் மெத்தோட்ரெக்சேட்டுக்கு நோய் அடங்காதவர்கள். ஒரு குழுவுக்கு அதோடு சல்பாசாலசைன், ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரைகள். இன்னொரு குழுவுக்கு மெத்தோட்ரெக்சேட்டோடு எடனர்செப்ட் ஊசி. யாருக்கு எது என்பது குலுக்கலில் முடிவானது. ஆனால் குலுக்கினால் மட்டும் போதாது. அடுத்தவருக்கு எது விழும் என்று டாக்டருக்கு முன்பே தெரிந்தால், நோய் முற்றியவரை ஊசிப் பக்கம் அனுப்ப மனம் போகும். அந்த வரிசையை எப்படி மறைத்தார்கள் என்று கட்டாயம் தேடிப் படியுங்கள்.

சரி, முடிவு. 28 மூட்டுகளைப் பார்த்து நோயின் தீவிரத்தைச் சொல்லும் டாஸ்28 மதிப்பெண், 48-வது வாரத்தில் மாத்திரைக் குழுவில் 2.1, ஊசிக் குழுவில் 2.3 குறைந்திருந்தது. உடனே ஊசிதான் மேல் என்று சொல்லிவிடாதீர்கள். மாத்திரை பெரிதாகப் பின்தங்கிவிடுகிறதா என்பதுதான் இங்கே கேள்வி. எவ்வளவு பின்தங்கினால் ஏற்கலாம் என்பதற்கு 0.6 என்று முன்கூட்டியே எல்லை வைத்திருந்தார்கள். உண்மையான வித்தியாசம் எவ்வளவு வரை போகலாம் என்று 95 சதவீத நம்பகத்தோடு கணக்கிட்ட மேல் வரம்பு 0.41. எல்லைக்குள் நிற்கிறது.

அந்த 0.6 நியாயமா? இதைக் கேட்காமல் இப்படிப்பட்ட ட்ரையலை நம்பக் கூடாது. டாஸ்28 0.6-க்கு மேல் குறையாவிட்டால் மருந்து கேட்கவில்லை என்றுதான் ஐரோப்பிய ருமட்டாலஜி அமைப்பின் (EULAR) அளவுகோலும் கணக்கிடுகிறது. ஆக, எனக்கு இது ஏற்கத்தக்க எல்லையாகவே படுகிறது.

அப்புறம், பலர் கவனிக்காமல் தாண்டிப் போகும் இடம். 24-வது வாரத்தில் போதிய முன்னேற்றம் இல்லாதவர்களை அடுத்த குழுவின் சிகிச்சைக்கு மாற்றினார்கள். இரண்டு குழுக்களிலும் சுமார் 27 சதவீதம் பேர். அதனால் 48 வாரக் கணக்கு மாத்திரையையும் ஊசியையும் நேருக்கு நேர் மோதவிட்ட கணக்காகாது. மாத்திரையில் தொடங்கி, கேட்காவிட்டால் ஊசிக்கு மாறும் வழியைத்தான் அது சோதித்தது. அந்த அம்மாவிடமும் இதையே சொல்லலாம்: "மாத்திரையில ஆரம்பிப்போம்மா. ஆறு மாசத்துல அடங்கலைன்னா ஊசிக்கு மாறிக்கலாம்."

[திரையில்: நோயாளிகளின் விவர அட்டவணை]

அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் பல இதில் பங்கெடுத்தன. அதனால் ஏறக்குறைய பாதிப் பேர் ஆண்கள். நம் ஓபியில் வருபவர்களோ பெரும்பாலும் பெண்கள். அபூர்வமான பக்கவிளைவுகளையும் 353 பேரை வைத்து அளக்க முடியாது. காசநோய் அதிகமுள்ள நம் நாட்டில் எடனர்செப்ட் எவ்வளவு ஆபத்து என்பதற்கு, ஆயிரக்கணக்கானவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடரும் நோயாளிப் பதிவேடுகளைத்தான் பார்க்க வேண்டும்.