ஈர வீதிக்கு ஏற்ற டயர்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம். வேகமும் விசையும் மிக்க சிறிய கார் ஒன்றின் டயர்கள் தேய்ந்துபோன பின், அவற்றுக்குப் பதிலாக எத்தகைய டயர்களைத் தெரிவு செய்ய வேண்டும் என்பது பற்றி இன்று பேசுகிறேன். முப்பது ஆண்டுகளாக மோட்டார் வாகனப் பொறியியலைக் கற்பித்தவன் என்ற முறையிலும், அதைவிட நீண்ட காலமாகக் கொழும்பின் வீதிகளில் கார் ஓட்டுபவன் என்ற முறையிலும் இதைச் சொல்லும் கடமை எனக்கு இருப்பதாகக் கருதுகிறேன்.

என் தமக்கையின் மகன் சுசுகி சுவிஃப்ட் ஸ்போர்ட் கார் ஒன்றைப் பாவித்த நிலையில் வாங்கினான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறக்கும்வரை, இத்தகைய கார்கள் கைமாறிக் கைமாறியே ஓடின. அவற்றோடு அவற்றின் டயர்களும் முதுமையடைந்தன. சென்ற மழைக்காலத்துக்குச் சற்று முன்னர் அவன் காரை என் வீட்டு வாசலில் நிறுத்தி, "மாமா, வளைவிலே நல்லாப் பிடிக்கிற டயராச் சொல்லுங்கோ" என்று கேட்டான். எந்த வீதியின் வளைவு, எந்தக் காலத்து வளைவு என்பதை அவன் யோசித்திருக்கவில்லை. டயர் வாங்க வருபவர்களுள் பெரும்பாலானோர் யோசிக்காமல் விடுவதும் அதுவேதான்.

கொழும்பில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. மே மாதத்திலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் மூன்று மணிக்கு வானம் கறுத்து, நான்கு மணிக்குள் வீதியோரம் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்பதை நாம் எல்லோரும் அறிவோம். வெள்ளவத்தையிலிருந்து பொரளை வரை ஒருவர் வேலைக்குப் போய்வருகிறார் என்றால், அவருடைய டயர் உலர்ந்த தாரை அதன் முழுத் திறனுடன் பற்றிப்பிடிக்க வேண்டிய தேவை ஆண்டில் ஒரு நாள்கூட ஏற்படாமல் போகலாம். ஈரத் தாரில் எதிர்பாராமல் பிறேக் அழுத்த வேண்டிய தேவையோ மாதத்தில் பலமுறை ஏற்படும். ஆகவே, கொழும்பில் ஓடும் காருக்கு டயர் தெரிவு செய்யும்போது ஈரப் பிடிப்பை முதலிலும் உலர் பிடிப்பைப் பிறகும் பார்க்க வேண்டும் என்பது என்னுடைய உறுதியான கருத்து.

இறப்பர் வீதியை எவ்வாறு பிடிக்கிறது என்பதை அறிந்தால் இந்தக் கருத்தின் காரணம் விளங்கும். தாரில் பதிந்திருக்கும் சிறு கற்களின் மேடுபள்ளங்களுக்குள் இறப்பர் அமிழ்ந்து, உருமாறி, மீண்டும் பழைய நிலைக்கு வரும்போது சக்தியை இழக்கிறது. அந்த இழப்பே பிடிப்பாக மாறுகிறது. உலர்ந்த வீதியில் இதனோடு இறப்பர் தாரில் நேரடியாக ஒட்டிக்கொள்ளும் தன்மையும் சேர்கிறது. மழை பெய்து மெல்லிய நீர்ப்படலம் இடையில் புகுந்தவுடன் அந்த ஒட்டுதல் பெருமளவு போய்விடுகிறது. எஞ்சுவது கற்களின் மேல் இறப்பர் உருமாறுவதால் கிடைக்கும் பிடிப்பு மட்டுமே. எனவேதான் ஈரத்தில் இறப்பர்க் கலவையின் குணம் எல்லாவற்றையும் விட முக்கியமாகிறது. கரிப்பொடியை மட்டும் நம்பியிருந்த கலவைகளில் சிலிக்காவைப் பெருமளவு சேர்க்கும் முறை 1990களின் தொடக்கத்தில் மிஷெலின் நிறுவனத்தின் வழியாகக் கார் டயர்களில் பரவியபோது, டயர் உருளும்போது சக்தியை வீணாக்கும் தடையைக் குறைத்துக்கொண்டே ஈரப் பிடிப்பையும் காக்க முடிந்தது. 1876 ஆம் ஆண்டு கம்பஹா மாவட்டத்து ஹெனரத்கொடைத் தாவரவியல் தோட்டத்தில் நடப்பட்ட இறப்பர்க் கன்றுகளின் கதையைப் பெருமையோடு சொல்லும் நாடு நம்முடையது. ஆனால், இன்றைய வேகக் காரொன்றின் டயரில் வீதியைத் தொடும் பகுதி பெரும்பாலும் செயற்கை இறப்பரால் ஆனது என்பதையும் சேர்த்துச் சொல்வதே முறை.

ஈரப் பிடிப்பைக் கடையில் நின்று எவ்வாறு அறிவது? ஐரோப்பியச் சந்தைக்கென வரும் டயர்களில் ஒட்டப்பட்டுள்ள தாளில் மழைமேகப் படத்தின் அருகே ஏ முதல் ஈ வரை ஓர் எழுத்து இருக்கும். ஏ என்பது மிகச் சிறந்தது. ஜப்பானில் 2010 முதல் வழக்கிலுள்ள தரக்குறியிலும் ஈரப் பிடிப்புக்கு ஏ முதல் டி வரை நான்கு படிகள் உண்டு. டயரின் பக்கச் சுவரில் பொறிக்கப்பட்டிருக்கும் அமெரிக்கத் தேய்மான எண்ணைப் பலர் பிடிப்பின் அளவாக எண்ணிக்கொள்கிறார்கள். 200 என்றால் மென்மையான கலவை, 500 என்றால் நீண்டகாலம் உழைப்பது என்று பொதுவாகக் கொள்ளலாமே ஒழிய, அந்த எண்ணைத் தயாரிப்பாளரே தம் பரிசோதனையின் அடிப்படையில் இடுவதால் ஒரு நிறுவனத்தின் 300ஐ இன்னொரு நிறுவனத்தின் 300உடன் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. அருகிலுள்ள ஏஏ அல்லது ஏ என்ற எழுத்து ஈர வீதியில் நேர்கோட்டில் பிறேக் பிடிப்பதை மட்டுமே குறிக்கிறது. வளைவிலோ தேங்கிய நீரிலோ டயர் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அது சொல்வதில்லை.

தேங்கிய நீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேகமாகச் செல்லும்போது டயருக்கு முன்னால் திரளும் தண்ணீரை அதன் மேற்பரப்பில் வெட்டப்பட்டுள்ள காடிகள் வெளியேற்ற முடியாத நிலை வந்தால், டயர் தண்ணீரின் மேல் மிதக்கத் தொடங்குகிறது. ஸ்டியறிங் திடீரென்று பஞ்சுபோல இலகுவாகிவிடும். 1960களில் நாசா ஆய்வாளர்கள் விமானச் சில்லுகளைக் கொண்டு இதனை ஆராய்ந்து, மிதக்கத் தொடங்கும் வேகம் டயருக்குள் உள்ள காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று கண்டார்கள். அவர்களுடைய சமன்பாட்டின்படி 32 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) அழுத்தமுள்ள டயர் மணிக்கு ஏறத்தாழ 94 கிலோமீற்றரிலும், 24 பி.எஸ்.ஐ. மட்டும் உள்ள டயர் ஏறத்தாழ 82 கிலோமீற்றரிலும் மிதக்கத் தொடங்கும். காடி வெட்டப்பட்ட கார் டயருக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்தமாட்டா. ஆயினும், தெற்கு அதிவேகப் பாதையில் அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீற்றர் என்பதை நினைத்துப் பார்த்தால், காற்றுக் குறைந்த, காடி தேய்ந்த டயரோடு அடைமழையில் கொட்டாவையில் ஏறுபவர் எவ்வளவு மெல்லிய எல்லையில் ஓடுகிறார் என்பது புரியும். புதிய டயரின் காடி ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் ஆழமாக இருக்கும். காடிக்குள் குறுக்கே தெரியும் சிறு மேடு 1.6 மில்லிமீற்றரில் டயர் முடிந்துவிட்டது என்று காட்டுகிறது. மழை நாட்டில் அதுவரை காத்திருக்கக்கூடாது. 3 மில்லிமீற்றருக்கு வந்தவுடன் மாற்றிவிடுமாறு என் மாணவர்களிடம் எப்போதும் சொல்வேன்.

இதே காரணத்தால்தான், பந்தயத் தடத்துக்கென ஆக்கப்பட்ட செமி ஸ்லிக் டயர்களை அன்றாடக் காருக்குப் போட வேண்டாம் என்கிறேன். அவை சூடேறிய பிறகே முழுப் பிடிப்பைத் தரும். கொழும்பின் காலி வீதி நெரிசலில் அந்தச் சூடு ஏறுவதேயில்லை. காடிகளும் மிகக் குறைவு. கட்டுக்குருந்தைப் பந்தயத் தடத்தில் ஒரு நாள் ஓட்டுவதற்கு அவை பொருத்தமானவை. ஓட்டி முடித்ததும் கழற்றிவைத்துவிட வேண்டும். அதுபோலவே, குளிர்நாட்டுப் பனிக்காலத்துக்கென வார்க்கப்பட்ட டயர்கள் பாவித்த நிலையில் மலிவாகக் கிடைத்தாலும், அவற்றின் கலவை நம் வெயிலில் அளவுக்கு மீறி இளகிவிடும் என்பதால் அவற்றைத் தொடவே கூடாது.

இனி அளவைப் பார்ப்போம். மருமகனின் காருக்குத் தயாரிப்பாளர் கொடுத்த அளவு 195/45 ஆர்17, 81 டபிள்யூ. 195 என்பது மில்லிமீற்றரில் அகலம். 45 என்பது அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை வீதம் என்பது. 17 என்பது அங்குலத்தில் றிம்மின் விட்டம். 81 என்ற சுமை எண் ஒரு டயர் 462 கிலோகிராம் தாங்கும் என்றும், டபிள்யூ என்ற எழுத்து மணிக்கு 270 கிலோமீற்றர் வரை தாக்குப்பிடிக்கும் என்றும் பொருள்படும். நம் நாட்டில் 100க்கு மேல் ஓட அனுமதியில்லையே, குறைந்த எழுத்துள்ள டயர் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த எழுத்து வெப்பத்தைத் தாங்கும் கட்டமைப்பையும் சேர்த்தே குறிக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த எழுத்துக்கும் சுமை எண்ணுக்கும் கீழே இறங்காமல் இருப்பதே சரி.

அவனுக்கு 18 அங்குல றிம் போட ஆசை இருந்தது. 215/35 ஆர்18 போட்டால் சில்லின் மொத்த விட்டம் பழைய அளவோடு கிட்டத்தட்ட ஒத்துவரும். ஆனால் 88 மில்லிமீற்றராக இருந்த பக்கச் சுவர் 75 மில்லிமீற்றராகக் குறைந்துவிடும். வெள்ளவத்தையின் ஒழுங்கைகளில் வீதி மட்டத்திலிருந்து இறங்கிப்போன மான்ஹோல் மூடிகளையும், குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளங்களையும் அன்றாடம் கடப்பவருக்கு அந்த 13 மில்லிமீற்றர் பெரிய இழப்பு. பள்ளத்தின் விளிம்பில் மோதும்போது பக்கச் சுவரின் உள்நூல்கள் அறுந்து, இரண்டொரு நாளில் எலுமிச்சங்காய் அளவில் ஒரு புடைப்புத் தோன்றும். அதன் பின் அந்த டயரை எவராலும் திருத்த முடியாது. டயர் அகலமாக அகலமாகத் தேங்கிய நீரில் எளிதில் மிதக்கும் என்பதும் மறக்கத்தக்கதன்று. நான் அவனிடம் எதிர்த்திசையில் யோசிக்கச் சொன்னேன்: 16 அங்குல றிம்மில் 205/50 போட்டால் விட்டம் ஒரு வீதத்துக்கும் குறைவாகவே கூடும், பக்கச் சுவரோ 102 மில்லிமீற்றருக்கு மேல் வரும். சில்லுக்குள் பிறேக்கை இறுக்கும் பாகமான கலிப்பரில் றிம் இடிக்காதா என்பதை மட்டும் பொருத்திப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். அவன் அழகுக்காகப் 17 அங்குலத்திலேயே நின்றுகொண்டான். அதையும் நான் தவறென்று சொல்லவில்லை.

டயரின் வயதைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு நேர்ந்த ஒன்றை மறைக்க விரும்பவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், நீண்ட வெயிலுக்குப் பின் பெய்த முதல் மழையில், பேஸ்லைன் வீதியில் சிவப்பு விளக்கைக் கண்டு பிறேக் அழுத்தினேன். தூசியும் எண்ணெயும் மழைநீரோடு கலந்து வீதி சவர்க்காரம் தடவியதுபோல இருந்தது. காலுக்கடியில் பிறேக் மிதி தடதடவென்று அதிர, கார் கோட்டைத் தாண்டி வழுக்கிச் சென்று, முன்னால் நின்ற முச்சக்கரவண்டிக்கு ஒரு முழம் இருக்கையில் நின்றது. அதில் பாடசாலைப் பிள்ளைகள் இருவர் இருந்தார்கள். டயர்கள் வாங்கி ஓராண்டுகூட ஆகவில்லை, காடியும் ஆழமாகவே இருந்தது. மறுநாள் காரை உயர்த்திக் கீழே படுத்து, கைத்தொலைபேசி வெளிச்சத்தில் உட்பக்கச் சுவரைத் தேடியபோதுதான் உண்மை தெரிந்தது: புதிதென்று எனக்கு விற்கப்பட்ட டயர்கள், விற்கப்பட்ட நாளிலேயே ஆறு ஆண்டுப் பழமையுடையவை. திகதி பொறித்த பக்கம் உள்ளே போகுமாறு பூட்டப்பட்டிருந்தது. காடிகளின் அடியில் தலைமயிர் அளவிலான வெடிப்புகள் நெருக்கமாக ஓடின. நகத்தால் அழுத்தினால் இறப்பர் சற்றும் இசைந்து கொடுக்கவில்லை. அந்தப் பிள்ளைகளின் முகங்கள் இன்றும் என் கண்முன் நிற்கின்றன.

ஆகையால், பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளுடன் தொடங்கும் வரியின் இறுதியிலுள்ள நான்கு இலக்கங்களைப் பூட்டுவதற்கு முன்பே பாருங்கள். முதல் இரண்டு வாரத்தையும், அடுத்த இரண்டு ஆண்டையும் காட்டும்; 2324 என்றால் 2024 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரம். முழு வரியும் டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கலாம், எனவே இரு பக்கமும் திருப்பிக் காட்டும்படி கேளுங்கள். நான்கு டயர்களின் இலக்கங்களையும் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். நேர்மையான கடைக்காரர் அதற்கு முகம் சுளிக்கமாட்டார்.

நான்கையும் ஒரே வகையில் ஒன்றாக மாற்றுவது சிறந்தது. பணம் இரண்டுக்குத்தான் போதும் என்றால், முன்சில்லுகளால் இழுபடும் காராக இருந்தாலும் புதிய இரண்டையும் பின்னாலேயே பூட்ட வேண்டும். முன்சில்லு வழுக்கினால் கார் வளைவில் நேராகப் போகப் பார்க்கும், வேகத்தைக் குறைத்து மீளலாம். பின்சில்லு வழுக்கினால் கார் சுழன்றுவிடும், சாதாரண ஓட்டுநரால் அதை மீட்க இயலாது.

பழைய டயரைக் கழற்றும் முன் அதன் மேற்பரப்பில் உள்ளங்கையைக் குறுக்காக இழுத்துப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும், மறுதிசையில் மரம் அரியும் வாளின் பற்களைப்போலச் சொரசொரப்பாகவும் இருந்தால் சில்லுகளின் நேர்ச்சீர் பிசகியிருக்கிறது; அலைன்மென்ட் செய்யாமல் புதிய டயர் போட்டால் அதுவும் அதே வழியில் தேயும். மருமகனின் காரில் இடது முன்சில்லு அப்படித்தான் இருந்தது. வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்கு இருமுறை போய் சஸ்பென்ஷனின் தேய்ந்த புஷ் ஒன்றை மாற்றிய பின்னரே டயர் கடைக்குச் சென்றோம்.

அங்கே அவன் தானே முழங்காலிட்டு நான்கு இலக்கங்களையும் வாசித்தான். ஈரப் பிடிப்பில் ஏ பெற்ற, உலர் பிடிப்பில் நடுத்தரமான ஒன்றைத் தெரிவு செய்தான். காற்றழுத்தத்தைக் கதவு நிலையில் ஒட்டியிருந்த தாளின்படி, டயர் குளிர்ந்திருக்கும்போது நிரப்பினோம். வார்ப்பு அச்சிலிருந்து விடுவிக்கப் பூசும் பொருளின் படிவு புதிய டயரின் மேற்பரப்பில் எஞ்சியிருக்கும் என்பதால், முதல் 200 கிலோமீற்றர் வரை விரைந்து வளைக்கவோ கடுமையாகப் பிறேக் பிடிக்கவோ வேண்டாம் என்று சொல்லி அவனை வீட்டுக்கு அனுப்பினேன். அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது.