நடுக்கம் மூன்றாம் வரிசைக்குத் தெரியாது

(திருகோணமலையில் மாணவர்களும் பெற்றோரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பான பிள்ளைகளே, பெற்றோரே, ஆசிரியப் பெருமக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தமிழ்மொழித் தினப் பேச்சுப் போட்டிகள் வருகின்றன. பாடசாலையில் வென்ற பிள்ளை கோட்ட மட்டத்துக்குப் போகும், பிறகு வலயம், மாகாணம் என்று ஏறும். மூதூரில் இருந்தும் தம்பலகாமத்தில் இருந்தும் விடியவே பஸ் ஏறி வந்து, பழக்கமில்லாத ஒரு மண்டபத்தில் தன் பெயரைக் கூப்பிடும் வரைக்கும் காத்திருக்கிற அந்தப் பிள்ளைக்காகத்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

மேடையின் பக்கத்தில் நின்று பாருங்கள். சீருடையின் ஓரத்தைக் கையால் கசக்கிக்கொண்டு பிள்ளை நிற்கும். சத்தம் வராது, உதடு மட்டும் அசையும். முதல் வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறது. நாங்கள் பக்கத்தில் போய், "பயப்பிடாதே மகள்" என்கிறோம். அன்பில்தான் சொல்கிறோம். ஆனால் சொன்னவுடன் பயம் போன பிள்ளையை நான் கண்டதில்லை.

அது போகாததற்குக் காரணம் உடம்பில் இருக்கிறது. சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அதிரீனல் சுரப்பிகள் அந்த நேரம் அதிரீனலினை இரத்தத்தில் விடுகின்றன. நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வாய் காய்கிறது, வயிறு பிசைகிறது. பெரிய வேலை ஒன்று வருகிறது என்று உடம்பு தன்னைத் தயார்படுத்துகிறது, அவ்வளவுதான். "அடங்கு" என்று கட்டளையிட்டு அதை அடக்க முடியாது. ஆனால் திருவிழாவுக்குப் புறப்படும் போதும், காத்திருந்த ஒருவர் வந்து இறங்கும் போதும் நெஞ்சு இப்படித்தானே அடிக்கிறது? ஹாவர்ட் வணிகப் பள்ளியின் அலிசன் வுட் புரூக்ஸ் இதைச் சோதித்து 2014இல் எழுதினார். பேசுவதற்கு முன் "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களை விட, "நான் ஆவலாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். ஆகவே பெற்றோரே, "பயப்பிடாதே" என்பதை விட்டுவிட்டு, "நீ சொல்லப் போவதைக் கேட்க ஆசையாக இருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள்.

இன்னோர் ஆய்வு உண்டு. பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியதில் மிகவும் பயனுள்ளது அதுதான் என்று நினைக்கிறேன். கென்னத் சாவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்டது. பேசி முடித்தவர்களிடம், "நீங்கள் எவ்வளவு பதற்றமாகத் தெரிந்திருப்பீர்கள்?" என்று கேட்டார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்களிடமும் அதையே கேட்டார்கள். பேசியவர்கள் நினைத்த அளவு பதற்றம் மற்றவர்களுக்குத் தெரியவில்லை. அப்புறம் வேறு சிலருக்கு, மேடை ஏற முன்னரே இந்த உண்மையை எடுத்துச் சொன்னார்கள். அதை அறிந்து பேசியவர்களின் பேச்சு, அறியாமல் பேசியவர்களின் பேச்சை விடச் சிறப்பாக அமைந்தது. கேட்டவர்களும் அப்படியே மதிப்பிட்டார்கள்.

பிள்ளைகளே, உங்கள் நெஞ்சடிப்பு உங்கள் காதுக்கு மட்டும்தான் மேளம். மூன்றாம் வரிசையில் இருப்பவருக்கு உங்கள் விரல் நடுங்குவது தெரியாது. ஒன்று மட்டும் காட்டிக்கொடுக்கும்: கையில் பிடித்திருக்கிற பெரிய தாள். விரல் கொஞ்சம் ஆடினாலும் தாள் படபடவென்று ஆடும், ஒலிவாங்கியில் சத்தமும் கேட்கும். குறிப்பு வைத்திருக்க அனுமதி இருந்தால் உள்ளங்கை அளவு தடித்த அட்டையில் எழுதுங்கள், அல்லது மேசையில் வைத்துவிடுங்கள்.

சரி, பழகுவது எப்படி? இதற்கு வெளியே தேடிப் போக வேண்டாம். எங்கள் கிழக்கு மாகாணத்திலேயே நல்ல வழி ஒன்று இருக்கிறது. மட்டக்களப்பில் வடமோடி, தென்மோடி என்ற இரண்டு வகைக் கூத்துகளைப் பழக்கும் அண்ணாவிமார் ஆட்டக்காரரை நேரே மேடையில் ஏற்றுவதில்லை. சட்டம் கொடுப்பதில், அதாவது அவரவர் பாத்திரத்துக்கான பாட்டையும் வசனத்தையும் கையில் கொடுப்பதில் தொடங்கி, இரவிரவாகப் பழக்குவார்கள். அந்தப் பழக்கத்தை ஊர்ச் சனம் வந்திருந்து பார்க்கும். தாளம் பிழைத்தாலும் அவர்கள் முன்னால்தான் பிழைக்கும். பிறகு காலில் சதங்கை அணிதல், முழுக் கூத்தையும் ஒத்திகை பார்க்கிற அடுக்குப் பார்த்தல், கடைசியில்தான் அரங்கேற்றம். அரங்கேற்ற இரவில் எதிரே இருப்பது, தங்கள் சறுக்கல்களை ஏற்கெனவே பார்த்துப் பழகிய அதே ஊர். அங்கே பயத்துக்கு என்ன வேலை?

நாங்கள் செய்வதை நினைத்துப் பாருங்கள். அறைக்கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடி முன் பேசவிட்டு, அடுத்த நாள் மூன்று நடுவர்களுக்கு முன் கொண்டுபோய் நிறுத்துகிறோம். இடையில் படிகளே இல்லை. முதலில் அம்மம்மாவுக்குப் பேசிக் காட்டட்டும். பிறகு பக்கத்து வீட்டாருக்கு, பிறகு வகுப்புக்கு, பிறகு காலைக் கூட்டத்தில். வெறும் மண்டபத்தில் ஒலிவாங்கியோடு ஒரு தடவையாவது பேசவிடுங்கள். தன் குரல் ஒலிபெருக்கியில் இருந்து பெரிதாகத் திரும்பி வருவதை முதன்முதலாகக் கேட்டுத் திகைத்துப் போகிற பிள்ளைகள் நிறையப் பேர்.

மனனம் செய்விப்பது பற்றியும் எனக்கு மனக்கவலை உண்டு. ஆசிரியர் எழுதிக் கொடுத்ததைச் சொல்லுக்குச் சொல் பாடமாக்கிய பிள்ளை, ஒரு சொல் நழுவினால் அடுத்த வசனத்துக்குப் போக வழி தெரியாமல் நின்றுவிடுகிறது. அதற்குத் தெரிந்தது சொற்களின் வரிசை மட்டும்தான். தொடக்கத்தில் இரண்டு வசனங்களும் முடிவில் ஒன்றும் பாடமாக இருந்தால் போதும். நடுவில் என்னென்ன சொல்ல வேண்டும் என்பதைப் பிள்ளை தன் பேச்சில் சொல்லிப் பழகட்டும். அழகு கொஞ்சம் குறையலாம், பரவாயில்லை. நடுவர்களாக இருக்கும் ஆசிரியர்களையும் கும்பிட்டுக் கேட்கிறேன், தன் சொந்தச் சொல்லில் பேசுகிற பிள்ளைக்குக் கூடுதலாகப் புள்ளி போடுங்கள்.

மேடை ஏறுமுன் ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். மூச்சை இழுப்பதை விட விடுவதை நீளமாக்குங்கள், நெஞ்சடிப்பு மெல்லத் தணியும். படபடப்புக்கு மாத்திரை இருக்கிறதாமே என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். புரொப்பிரனலோல் என்ற இருதய மருந்தைச் சிலர் அப்படிப் பாவிப்பது உண்மைதான். ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து. வைத்தியர் சொல்லாமல் யாரும் அதைத் தொடக்கூடாது, பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

பேச வந்ததைப் பேசிவிட்டேன். இந்த மண்டபம் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு எங்களிடம்தான் இருக்கிறது, ஒலிவாங்கியும் வேலை செய்கிறது. போட்டிக்குப் போகிற பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து, உங்கள் பேச்சின் முதல் இரண்டு வசனங்களை மட்டும் சொல்லிவிட்டு இறங்குங்கள். புள்ளி கிடையாது, பரிசு கிடையாது. பெற்றோர் எழுந்து போகாமல் இருந்து கேளுங்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகள் முதலில் வாருங்கள்.