தடியில் வழுக்கும் பாசி

நேயர்களுக்கு வணக்கம்.

முல்லைத்தீவு வட்டுவாகல் பாலத்தடியில் நந்திக்கடல் களப்புக்குள் இறங்கி, இறாலுக்குக் கட்டிய களங்கட்டித் தடியைத் தடவிப் பாருங்கள். விரலில் தவிட்டு நிறத்தில் வழுவழுவென்று ஒட்டும். அந்த நிறம் பெரும்பாலும் டயற்றம் என்ற ஒற்றைக்கல அல்காவினுடையது.

ஒவ்வொரு டயற்றமும் ஒரு குங்குமச் சிமிழ். அடிப்பாதி ஒன்று, அதைக் கவிந்த சற்றே பெரிய மூடி ஒன்று, இரண்டுமே சிலிக்கா. அமிலத்தில் காய்ச்சினால் உயிர்ப்பகுதி கரைந்து வெறும் ஓடு மிஞ்சும். நுணுக்குக்காட்டியில் அந்த ஓட்டில் நெருக்கமான வரிகள் தெரியும். 10 மைக்ரோமீற்றருக்குள், அதாவது ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்குக்குள், எத்தனை வரி என்று எண்ணி இனம் பிரிப்பதுதான் எங்கள் பிழைப்பு. கண் பூத்துப்போகும்.

நானும் ஒருமுறை ஏமாந்தேன். ஓடு கட்டையாக இருந்தது, எந்த நூலிலும் அந்த அளவு இல்லை. புது இனம்தான் என்று துள்ளினேன். என் ஆசிரியர் பார்த்துவிட்டு, "வரியை எண்ணினீரோ, நீளத்தை மட்டும் அளந்தீரோ?" என்றார். நீளத்தைத்தான் அளந்திருந்தேன்.

சிமிழ் இரண்டாகப் பிரியும்போது மூடி ஒரு பிள்ளைக்கு, அடி மற்றதற்கு. இரண்டுமே கிடைத்த பாதியை மூடியாக்கி, உள்ளே புது அடி செய்துகொள்ளும். ஆக, அடியை வாங்கிய பிள்ளை கொஞ்சம் சிறுக்கும். தலைமுறை தலைமுறையாகச் சிறுத்து, ஒரு கட்டத்தில் பாலினப்பெருக்கம் நடந்து பழைய அளவுக்குத் திரும்பும். நீளம் இப்படி மாறுவதால் அதை மட்டும் வைத்து இனம் சொல்ல முடியாது. நான் கண்டது புது இனமல்ல, பழையதன் கடைக்குட்டி.

களப்பில் இன்னொரு வில்லங்கம் உப்பு. கோடையில் நீர் வற்ற உவர்ப்பு ஏறும், மாரி வெள்ளம் வந்தால் இறங்கும். 1963இல் பெயரிடப்பட்ட சைக்ளோட்டெல்லா கிறிப்டிகா என்ற டயற்றம், உவர்ப்பு மாறினால் ஓட்டின் கோலத்தையே மாற்றி வேறோர் இனம்போல நிற்கும். அதனால் ஒரே பருவத்தில் அள்ளிய ஒரு போத்தல் தண்ணீரை நம்பிப் பெயர் வைக்கக்கூடாது என்பேன்.

சரி, உண்மையிலேயே புதிதென்றால்? அந்தப் பெயருக்குச் சான்றாக நிற்கும் மூலமாதிரிக் கண்ணாடித் தகட்டை ஓர் உலர்தாவரக் காப்பகத்தில் வைத்து, விளக்கத்தைப் பிரசுரிக்க வேண்டும். முன்பு இலத்தீன் கட்டாயம், 2012 முதல் ஆங்கிலமும் செல்லும். தமிழில் எழுதினால் செல்லாது. ஆனால் ஊர்ப்பெயரை இலத்தீன் வாலோடு சூட்டத் தடையில்லை.

என் மேசையில் இப்போது ஒரு கோடைப் போத்தலும் ஒரு மாரிப் போத்தலும் இருக்கின்றன. மாரிப் போத்தலில் இன்னும் வரி எண்ணி முடியவில்லை.