பத்து மாத அட்வான்ஸ்

வணக்கம். சென்னையில் வாடகை ஏறியதைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் என்னை அழைத்தார்கள். ஏறியது நிஜம்தான், ஆனால் இருபது வருடமாக வாடகை வீட்டிலேயே காலம் தள்ளுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், ஆளைச் சாய்ப்பது மாத வாடகை இல்லை, அட்வான்ஸ்.

15,000 ரூபாய் வாடகைக்கு ஒரு போர்ஷன் என்று வையுங்கள். ஊர் வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் கேட்டால் 1,50,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, முதல் மாத வாடகை வேறு, அப்புறம் சாமான் ஏற்றும் வண்டி. பால் காய்ச்சுவதற்கு முன்பே 1,80,000 தாண்டிவிடும். ஓனர் அந்த அட்வான்ஸுக்கு வட்டி தரமாட்டார், நாமோ நகையை அடகு வைத்துப் புரட்டியிருப்போம். வருடத்துக்கு 12 சதவீத வட்டி என்றாலே மாதம் 1,500 ரூபாய், ஆக உண்மையான வாடகை 16,500. போர்டில் இந்தக் கணக்கை யாரும் எழுதுவதில்லை.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1960-ஆம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டம் 2017-இல் நிறைவேறி, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. கூடவே, இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் சரி என்றும் சொல்கிறது! வீடு தேவைப்படுகிறவன் எந்த ஒப்பந்தத்தில்தான் கையெழுத்துப் போடமாட்டான்? பதினொரு மாத அக்ரிமென்ட்டைப் பதிவு செய்ய வேண்டாம் என்ற பழைய நினைப்பும் இன்னும் போகவில்லை. புதுச் சட்டப்படி எல்லா அக்ரிமென்ட்டையும் வாடகை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும்.

நான் ஒரு வீட்டைக் காலி செய்தபோது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொண்டார் ஓனர். மூன்று மாதம் கழித்து அந்தப் பக்கம் போனேன், சுவரில் என் மகள் கிறுக்கிய யானை அப்படியே இருந்தது.

சரி, யாருக்கு வீடு கிடைக்கிறது? 2000-இல் தரமணியில் டைடல் பார்க் வந்த பிறகு பழைய மாமல்லபுரம் சாலை ஐடி ஆட்களின் சாலையாக மாறிப்போனது. பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் பக்கம் வாடகை, கணவன் மனைவி இருவர் சம்பளத்தையும் கணக்கில் வைத்துத்தான் பேசப்படுகிறது. ஒற்றைச் சம்பளக் குடும்பம் ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று ரயில் தண்டவாளத்தோடு தள்ளித் தள்ளிப் போகிறது. அதே சாலையில்தான் கண்ணகி நகரும். நகரத்து நடுவிலிருந்த குடிசைகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்த இடம். அங்கே வந்த பெண்களில் எத்தனையோ பேருக்கு, முன்பு நடந்துபோய்ச் செய்த வீட்டு வேலை பஸ் தூரத்தில் போய்விட்டது.

பணம் இருந்தாலும் எல்லாருக்கும் வீடு கிடைத்துவிடாது. பேச்சிலரா, கறி சமைப்பீர்களா, என்ன ஆளுங்க என்று மூன்று கேள்வி. மூன்றாவது கேள்விக்கு என்ன அர்த்தம் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தனியாக இருக்கிற பெண் என்றால் இன்னும் நாலு கேள்வி.

ஓனர்கள் எல்லாரும் கொடுமைக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. பிஎஃப் பணத்தைப் போட்டு மாடி கட்டி, அந்த வாடகையில் மருந்து வாங்குகிற பெரியவர்கள் ஏராளம். வாங்கிய அட்வான்ஸ் அவர்களுக்கும் பெண் கல்யாணத்தில் கரைந்திருக்கும், அதனால்தான் நாம் காலி செய்யும்போது, அடுத்த ஆள் அட்வான்ஸ் கொடுக்கட்டும், பொறு என்கிறார்கள்.

வீடு பார்க்கப் போகிறவர்கள் கரண்ட் மீட்டரைக் கேளுங்கள். தனி இணைப்பா, ஓனர் வைத்த சப்-மீட்டரா? வீடுகளுக்கு அரசு தருகிற முதல் 100 யூனிட் இலவசம் ஒரு இணைப்புக்குத்தான். சப்-மீட்டர் என்றால் முதல் யூனிட்டிலிருந்தே ஓனர் வைத்த ரேட்.