எச்ஐவி மாத்திரை ஆரம்பித்ததும் மெத்தடோன் எங்கே போனது?

வணக்கம். ஒருவர் ஹெராயினை விட்டு ஆறு மாதம் ஆகிறது. தினமும் மெத்தடோன் எடுத்துக்கொண்டு நன்றாக இருக்கிறார். எச்ஐவிக்காக எஃபாவிரென்ஸ் என்ற மாத்திரையை ஆரம்பிக்கிறார்கள். பத்தாவது நாள் மூக்கு ஒழுகுகிறது, ஓயாத கொட்டாவி, கால் குடைச்சல், உடம்பெல்லாம் புல்லரிப்பு. "மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். அவர் எதையும் தொடவில்லை!

பின்னணி ஒரே மூச்சில்: ஹெராயின் பழக்கத்துக்கு மெத்தடோன், புப்ரினார்ஃபின் இரண்டும் நல்ல மருந்துகள், 2005இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தவை. அவ்வளவுதான்.

[திரையில்: தண்ணீர்த் தொட்டி, அடியில் குழாய்]

சரி, தொட்டிதான் உடம்பு. காலையில் ஒரு குடம் மெத்தடோன் ஊற்றுகிறோம். அது அடியிலுள்ள குழாய் வழியே மெதுவாக வடிகிறது. மறுநாள் காலையிலும் தொட்டியில் போதுமான அளவு இருக்கும். அந்தக் குழாய்தான் மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதிகள். எஃபாவிரென்ஸ் உள்ளே வந்ததும் கல்லீரல் இந்த நொதிகளைக் கூடுதலாகச் செய்கிறது. குழாய் அகலமாகிவிட்டது! ஒரே நாளில் அல்ல, ஒன்றிரண்டு வாரத்தில். ஊற்றுவது அதே குடம்தான், ஆனால் ரத்தத்தில் மெத்தடோன் சுமார் பாதியாகிறது. மெத்தடோன் போதாமல் உடம்பு தவிப்பதுதான் அந்த மூக்கு ஒழுகலும் கொட்டாவியும் குடைச்சலும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினும் இதே வேலையைச் செய்யும்.

மெத்தடோன் அளவைக் கூட்டினால் இது சரியாகிவிடும். எனக்குக் கோபம் வருவது எதற்கென்றால், இதை முன்கூட்டியே யாரும் சொல்லாமல் விடுவதற்குத்தான். எந்த மாத்திரைக்குப் பிறகு இந்த அவஸ்தை வந்தது என்று நோயாளியே கணக்குப் போட்டு, எச்ஐவி மாத்திரையை நிறுத்திவிடுகிறார். அப்புறம் வைரஸுக்குக் கொண்டாட்டம்.

எச்ஐவிக்கு 2019 முதல் உலக சுகாதார நிறுவனம் முதலில் பரிந்துரைக்கும் டோலுடெக்ராவிர் மாத்திரை இந்தக் குழாயைத் தொடுவதில்லை. நிம்மதி.

இன்னொரு வேடிக்கை. லோபினாவிர், ரிடோனாவிர் கலந்த எச்ஐவி திரவ மருந்தில் சுமார் 42 சதவீதம் ஆல்கஹால்! குடியை நிறுத்த டைசல்ஃபிராம் சாப்பிடுபவருக்கு அதைக் கொடுத்தால், ஒரு சொட்டு மது தொடாமலே முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடக்கலாம். மாத்திரை வடிவில் இந்தத் தொல்லை இல்லை.

"முதலில் போதையை விடு, அப்புறம் எச்ஐவி மருந்து" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டு சிகிச்சையும் சேர்ந்தே நடக்கலாம், நடக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, இதைத் தெரிந்தவர்களுக்கு அனுப்புங்கள். எஃபாவிரென்ஸிலிருந்து டோலுடெக்ராவிருக்கு மாறுகிறீர்களா? சில வாரங்களில் குழாய் மறுபடியும் குறுகும். கூட்டிய மெத்தடோன் அப்படியே தொடர்ந்தால் தொட்டி நிரம்பி வழியும். மயக்கம் வரும், மூச்சே மந்தமாகலாம். அதனால் மாத்திரை மாறும் அன்றே மெத்தடோன் தரும் மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.