முக்கோனோவில் ஒன்பது நாள்: பாடம் எடுக்கப் போன கதை

அனைவருக்கும் கர்த்தருடைய நாமத்தில் அன்பின் வாழ்த்துக்கள். உகாண்டாவிலிருந்து நாங்கள் ஊர் திரும்பிப் பத்து நாட்கள் ஆகின்றன. பாளையங்கோட்டையிலிருந்து எங்கள் சபையார் ஏழு பேர் சீஷத்துவப் பாடம் (இயேசுவின் சீடராக வாழக் கற்பிக்கும் பாடம்) எடுக்கப் போனதும், கம்பாலாவுக்குக் கிழக்கே முக்கோனோவை அடுத்த ஒரு கிராமத்துச் சபையில் ஒன்பது நாள் தங்கியதும் முந்தைய காணொளிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அவற்றில் பாட்டையும் மேளத்தையும் காட்டினேனே தவிர, நாங்கள் எடுத்த பாடம் என்ன ஆயிற்று என்பதைச் சொல்லவில்லை. இன்றைக்கு அதைச் சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன், பயண ஏற்பாடு பற்றிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக: விசா 50 டாலர், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொண்டோம். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகுதான் சான்றிதழ் செல்லும் என்பதால் கடைசி வாரத்தில் ஓடாதீர்கள்.

எங்களுடன் இருநூறு புத்தகங்களைக் கொண்டுபோனோம். ஆங்கிலத்தில் பன்னிரண்டு பாடங்கள், ஒவ்வொன்றின் முடிவிலும் கோடிட்ட இடங்களை நிரப்புக. இந்தப் புத்தகங்களின் எடையை யார் பெட்டியில் ஏற்றுவது என்று சென்னை விமான நிலையத்தில், எடை பார்க்கும் இடத்திலேயே, எங்கள் குழுவின் மூத்த அண்ணன்மார் இருவருக்குள் வாக்குவாதம் வந்தது. பெட்டிக்கு 23 கிலோதான் அனுமதி. ஒருவர் தம் வேட்டி சட்டைகளை வெளியே எடுத்துவைக்க வேண்டியதாயிற்று, மற்றவர் எடுக்க மறுத்துவிட்டார். அதற்குப் பிறகு உகாண்டாவின் என்டெபே விமான நிலையத்தில் இறங்கும்வரை, ஏன், இறங்கிய பிறகும், இருவரும் ஒருவரோடொருவர் பேசவில்லை. நான்காம் பாடத்தின் தலைப்பு "மன்னிப்பு" என்பதை இங்கே குறிப்பிட்டாக வேண்டும்.

முதல் நாள் வகுப்பில் எங்களுக்கு மொழிபெயர்த்தவர் அந்தச் சபையின் உபதேசியார், அதாவது குருவானவருக்கு உதவியாக ஊழியம் செய்பவர். "சீஷன்" என்பதற்கு அவர்கள் பேசும் லுகாண்டா மொழி வேதாகமத்தில் "ஓமுயிகிரிஸ்வா" என்று இருக்கிறதாம்; கற்பிக்கப்படுகிறவன் என்று பொருள். ஆனால் அவர் வேறொரு சொல்லையும் சொன்னார். 1877-ல் மிஷனெரிகள், இன்றைய உகாண்டாவின் ஒரு பகுதியான புகாண்டா நாட்டின் அரசவைக்கு வந்தபோது அவர்களிடம் எழுத்துக் கற்கப் போனவர்களை ஊரார் "அபசோமி", அதாவது வாசிக்கிறவர்கள், என்று அழைத்தார்கள். கிறிஸ்தவர்களுக்கு அங்கே முதலில் வழங்கிய பெயரே அதுதான். அந்த வாசிக்கிறவர்களில் பலர் அரசவையில் பணிவிடை செய்த இளைஞர்கள். 1886 ஜூன் 3 அன்று முவாங்கா அரசனின் கட்டளைப்படி நமுகொங்கோவில் அவர்களில் பலரை உயிரோடு எரித்தார்கள். இதைச் சொல்லி முடித்துவிட்டு அவர் எங்கள் புத்தகத்தைத் திறந்து, "சீஷன் என்பவன் ______ செலுத்துகிறவன்" என்ற வரியை எந்தக் கேலியும் இல்லாமல் மொழிபெயர்க்கத் தொடங்கினார். எனக்குத்தான் முகம் சுருங்கிப்போயிற்று.

1910-ல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில், நம் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, "எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்" என்று மேல்நாட்டு மிஷனெரிகளைப் பார்த்துக் கேட்டதைத் திருநெல்வேலிக்காரர்களாகிய நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். புத்தகக் கட்டோடு நாங்கள் நின்ற தோரணையோ பள்ளி ஆய்வாளர் தோரணை.

மூன்றாம் நாள் மாலை, அவர்கள் தங்கள் ஐக்கியக் கூட்டத்துக்கு எங்களை அழைத்தார்கள். 1929-ல் கம்பாலாவின் நமிரெம்பே குன்றில் சிமியோனி நிசிபாம்பி என்ற உகாண்டாக்காரரும் ஜோ சர்ச் என்ற ஆங்கிலேய மருத்துவரும் சேர்ந்து வேதம் வாசித்து ஜெபித்ததையும், 1930-களில் ருவாண்டாவின் கஹினியிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்கா எங்கும் எழுப்புதல் (சபைகளில் உண்டான ஆவிக்குரிய விழிப்பு) பரவியதையும் சிலர் படித்திருப்பீர்கள். அதில் வந்தவர்களுக்குப் பலோக்கோலே, இரட்சிக்கப்பட்டவர்கள், என்று பெயர். இடி அமீன் ஆட்சியில் 1977-ல் கொல்லப்பட்ட உகாண்டா பேராயர் ஜனானி லுவூம் என்பவர் 1948-ல் மனந்திரும்பியதும் இந்த எழுப்புதலின் மூலமாகத்தான். அவர்களுடைய கூட்டத்தில் பிரசங்கத்தைவிட, செய்த பாவத்தை எல்லார் முன்னும் அறிக்கையிடுதலுக்கே இடம் அதிகம். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காத மனந்திரும்புதலை அவர்கள் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை.

வாழையிலையில் அவித்த மட்டோக்கே என்ற வாழைக்காய் உணவையும் நிலக்கடலைக் குழம்பையும் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். அறுபதைக் கடந்த ஒரு பாட்டி எழுந்தார். பக்கத்து வீட்டுக்காரி மூன்று வருடங்களுக்கு முன் மருத்துவமனையில் கிடந்தபோது, அவள் முற்றத்துப் பாயில் காய்ந்துகொண்டிருந்த காப்பிக்கொட்டையில் ஒரு கூடை அள்ளித் தன் மூட்டையோடு சேர்த்து விற்றுவிட்டதாகச் சொன்னார். அந்தப் பக்கத்து வீட்டுக்காரி இரண்டாம் வரிசையில், மடியில் பேரக்குழந்தையோடு இருந்தாள். ஒருவரும் அசையவில்லை. அவள் குழந்தையைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு எழுந்து வந்து பாட்டியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்ட பிறகுதான் பாட்டு தொடங்கியது. நான் கேமராவை முன்பே அணைத்துவிட்டேன்; ஆகையால் உங்களுக்குக் காட்ட என்னிடம் படம் இல்லை. மறுநாள் காலையில் பாட்டி தலையில் கூடையோடு அந்த வீட்டுக்குப் போவதையும் பார்த்தேன்.

நான்காம் நாள் எங்கள் குழுத் தலைவர் புத்தகத்தைத் திறக்கவில்லை. வேட்டி சட்டைகளை எடுத்துவைத்த அந்த அண்ணன் எழுந்து, விமான நிலையத்தில் நடந்ததையெல்லாம், தாம் உள்ளுக்குள் திட்டிய வார்த்தைகள் உட்பட, சொன்னார். உபதேசியார் இடையில் நிறுத்தி, "எத்தனை கிலோ?" என்று கேட்டார். 23 என்றதும் சபை முழுவதும் சிரித்தது. மற்ற அண்ணனும் சிரித்தார், பிறகு அழுதார். மீதி ஐந்து நாட்களும் புத்தகம் மேசை மேலேயே இருந்தது. காலையில் ஒரு வேதபகுதி, மாலையில் அவர்கள் வழக்கப்படி ஐக்கியம் என்று நாட்கள் போயின. எங்கள் பாடங்களில் பயன்பட்டது, வேதத்தைத் தனியே வாசித்துக் குறிப்பெடுக்கும் முறையைப் பற்றிய இரண்டாம் பாடம் ஒன்றுதான் என்பது என் கணிப்பு. அதை மட்டும் உபதேசியார் லுகாண்டாவில் கைப்பட எழுதிக்கொண்டார்.

அவரையும் அந்தப் பாட்டியின் மகனையும் நவம்பரில் நம் ஊருக்கு அழைத்திருக்கிறோம். வந்தால் நம் சபையில் ஒரு மாலை தங்கள் முறைப்படி ஐக்கியக் கூட்டம் நடத்தலாமா என்று கேட்டிருக்கிறார்கள். குருவானவர் சரி என்றுவிட்டார். சபை நிர்வாகத்தைப் பார்க்கும் சேகரக் கமிட்டியில் இரண்டு முறை பேசியாயிற்று. யார் யார் என்னென்ன சொல்லிவிடுவார்களோ என்ற கவலையில் இன்னும் தேதி கொடுக்கவில்லை.