பிள்ளை எப்படி இருக்கிறது?

வணக்கம், நேயர்களே. வலிப்புக்கு மருந்து சாப்பிடும் பிள்ளையை அழைத்து வந்தால் நாங்கள் முதலில் கேட்பது, "ஃபிட்ஸ் வந்ததா?" வரவில்லை என்றால் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது. பிள்ளை எப்படி இருக்கிறது, விளையாடுகிறதா, சொல்வதைக் கவனிக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

வலிப்புக்குக் கொடுக்கும் ஃபீனோபார்பிடோன் என்ற மருந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அது 1912இல் தூக்க மருந்தாக வந்தது. அதே ஆண்டு ஜெர்மனியில் ஆல்ஃபிரட் ஹவுப்ட்மான் என்ற மருத்துவர், அது வலிப்பையும் குறைப்பதைக் கண்டு எழுதினார். விலை குறைவு. நூறாண்டு தாண்டியும் உலகெங்கும் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம்.

1990இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வை நான் எங்கே போனாலும் சொல்வேன். காய்ச்சலில் வலிப்பு வந்த 217 சின்னக் குழந்தைகள். எல்லோருக்கும் 3 வயதுக்குள்தான். பாதிப் பேருக்கு இந்த மருந்து, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத போலி மருந்து. யாருக்கு எது என்று பெற்றோருக்குத் தெரியாது. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், மருந்து சாப்பிட்டவர்களின் ஐக்யூ, அதாவது அறிவுத்திறன் அளவு, சராசரியாக 7 புள்ளி குறைவு. அதற்கு ஆறு மாதம் கழித்து, மருந்தை நிறுத்திய பிறகு பார்த்தாலும் 5 புள்ளி குறைவு. சரி, வலிப்பாவது குறைந்ததா? சொல்லும்படியாகக் குறையவில்லை! வலிப்பை மட்டும் எண்ணியிருந்தால் அந்த 7 புள்ளி யார் கண்ணிலும் பட்டிருக்காது. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

அது காய்ச்சல் வலிப்பு. காய்ச்சல் இல்லாமலே திரும்பத் திரும்ப வரும் வலிப்பு நோய் என்றால் கணக்கு வேறு. 1996இல் வந்த பிரிட்டன் ஆய்வில், இம்மருந்து பெற்ற முதல் 10 பிள்ளைகளில் 6 பேருக்குப் பக்கவிளைவு தாங்கவில்லை. அதற்கு மேல் யாருக்கும் கொடுக்கவில்லை. தூக்க மருந்துதான், ஆனால் சில பிள்ளைகளை ஓரிடத்தில் உட்காரவிடாது, சிடுசிடுப்பாக்கிவிடும். இரண்டே வருடத்தில், 1998இல், மேற்கு வங்கக் கிராமப்புறத்து ஆய்வு வந்தது. 94 பிள்ளைகள். ஃபெனிடோயின் என்ற இன்னொரு வலிப்பு மருந்தைச் சாப்பிட்டவர்களைவிட ஃபீனோபார்பிடோன் சாப்பிட்டவர்கள் நடத்தையில் மோசமாகவில்லை. இந்த மருந்தை ஒரேயடியாக ஒதுக்குவோரோடு நான் ஒத்துப்போகாததற்கு அந்த ஆய்வுதான் காரணம். வேறு மருந்து வாங்க முடியாத வீட்டில் இதுவும் இல்லையென்றால் பிள்ளைக்கு வலிப்பு வந்துகொண்டேதான் இருக்கும்.

பச்சிளம் குழந்தைகளின் வலிப்பைப் பற்றியும் பேச நினைத்தேன், நேரம் ஆகிவிட்டது. ஒன்று மட்டும்: இதைக் கேட்டுப் பயந்து இன்று இரவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் வலிப்பு அடுத்தடுத்து வரலாம், உயிருக்கே ஆபத்து. குறைப்பதானால் மருத்துவரைக் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான். நன்றி, வணக்கம்.